தெரிகிற கண்ணாடியா, பால் கண்ணாடியா?

வீட்டுக்கும் கடைக்கும் அலுமினியக் கதவு, ஜன்னல் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பத்துக் குறிப்புகள் எழுதித் தரும்படி தினேஷ் கேட்டான். தினேஷ் எங்கள் முதலாளி கலியபெருமாளின் மகன். விருத்தாசலத்தில் அவருடைய கண்ணாடிக் கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். நான் அங்கே முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, போன தை மாதம் இரண்டு முழங்கால் வலியோடு ஓய்வு பெற்றவன். பெயர் லூர்துசாமி.

"பத்தே பாயிண்ட்டு போதும்ண்ணே, போன்ல போடுறதுக்கு. நீளமா எழுதுனா யாரும் படிக்க மாட்டாங்க" என்றான்.

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஒன்று' என்று போட்டு, 'உங்கள் தேவையை முதலில் முடிவு செய்யுங்கள்' என்று எழுதினேன். அதோடு கை நின்றுவிட்டது. முப்பத்திரண்டு வருடத்தில் தன் தேவைக்காக ஜன்னல் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மச்சான் வீட்டில் இருக்கிறது என்று போடுவார்கள். எதிர்வீட்டில் இல்லை என்று போடுவார்கள். இப்போது போனில் படம் காட்டுகிறார்கள். ஒருவர் காட்டிய படத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே விரிப்பில் ஒரு நாய் தூங்குகிறது. "அப்புடியே இதே மாதிரி வேணும்" என்றார். அவருடைய மனை நல்லூர் போகிற சாலையில், நெல் தூற்றுகிற களத்துக்கு நேர் எதிரே இருந்தது. "நாய் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

ஆகவே பத்துக் குறிப்பை விட்டுவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

நான் தொழில் கற்றுக்கொண்ட கதை சின்னது. முதல் இரண்டு வருடம் அறுத்த அலுமினியத் தூளைக் கூட்டினேன். மூன்றாம் வருடம் அறுத்தேன். ஐந்தாம் வருடம்தான் முதலாளி அளவு எடுக்கிற டேப்பை என் கையில் கொடுத்தார். அதையும் ஏதோ மகளைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி, நெடுநேரம் யோசித்துத்தான் கொடுத்தார்.

கலியபெருமாள் முதலாளி ஒல்லியானவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி. எதையும் சத்தமாகச் சொல்லமாட்டார். அலுமினியச் சட்டத்தை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தகடு மெல்லிசாக இருந்தால் தகர டப்பா மாதிரி பேசும். கனமாக இருந்தால் வாயைத் திறக்காது. "பேசாததா பாத்து வாங்கு" என்பார். எங்களையெல்லாம் வா, போ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் 'ங்க' போடுவார். "லூர்துசாமி, நீங்க கொஞ்சம் இங்க வரீங்களா?" என்று அவர் கேட்டால், எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும்.

வாடிக்கையாளர் வந்தால் மாதிரிகளைக் காட்டமாட்டார். நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டு, மூன்று கேள்வி கேட்பார். "சாரல் எந்தப் பக்கத்துலேருந்து அடிக்கும்? வெயிலு எத்தன மணிக்கு வரும்? கண்ணாடிய யாரு தொடைப்பாங்க?" முதல் இரண்டுக்கும் ஏதாவது பதில் வரும். மூன்றாவது கேள்வியில் கணவன் மனைவியைப் பார்ப்பார், மனைவி சுவரைப் பார்ப்பார். அந்தப் பார்வையை வைத்துத்தான் முதலாளி கண்ணாடியின் அளவை முடிவு செய்வார்.

அளவு எடுக்கிற முறையும் அவர் வைத்ததுதான். ஜன்னல் திறப்பின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரத்தை இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு. எந்தக் கொத்தனார் கட்டியிருந்தாலும் மூன்று அளவும் ஒன்றாக வராது. அதில் சின்ன அளவை எடுத்துக்கொண்டு, பக்கத்துக்கு ஒரு நூல் குறைத்து அறுக்க வேண்டும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். அந்த ஒரு நூலில்தான் எங்கள் மானம் இருந்தது.

என் மானம் ஒருமுறை போனது. ஊரில் ஒரு டியூஷன் சென்டருக்கு முன்கதவு. சூளையில் சுட்டு உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடி. உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிரும், ஆளைக் கிழிக்காது. ஆனால் சுட்ட பிறகு ஒரு நூல்கூட அறுக்க முடியாது. நான் ஆறு அளவும் இரண்டு குறுக்கும் ஒழுங்காக எடுத்தேன். கண்ணாடி பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றரை அங்குலம் உயரம் அதிகம். அளவு எடுத்த அன்றைக்கு அங்கே இருந்தது வெறும் சிமெண்டுத் தரை. அதற்குப் பிறகு மேலே கிரானைட் போட்டிருந்தார்கள். கேட்டிருக்க வேண்டியது நான்.

சென்டர்காரர் குதித்தார். முதலாளி வந்தார், கண்ணாடியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "என் தப்புதாங்க. இருவது நாள்ல வேற வரும்" என்று அவரிடம் சொன்னார். திரும்பி வந்து கடை வாசலில் இறங்கியதும், "லூர்துசாமி, நீங்க தரைய விட்டுட்டு ஆகாசத்துலேருந்து அளந்தீங்களோ?" என்றார். அந்தக் கண்ணாடியை என்ன செய்வது? எங்கள் கடை வாசற்படியை ஒன்றரை அங்குலம் கொத்தி இறக்கி, எங்களுக்கே கதவாகப் போட்டுக்கொண்டோம். கொத்தியது நான்தான். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் "தரை முடிஞ்சிதுங்களா?" என்று கேட்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஒரு துக்க வீட்டில்கூடக் கேட்டிருக்கிறேன்.

பீங்கான் கடைக்காரர் ஒருவருடைய வேலையையும் சொல்லவேண்டும். நம் ஊரில் செய்கிற கப்பு, ஜாடி, பொம்மைகளை விற்கிற கடை. மேற்குப் பார்த்த வாசல். முகப்பு முழுக்க வெள்ளைக் கண்ணாடி வேண்டும், ரோட்டில் போகிறவன் எல்லாப் பொம்மையையும் பார்க்கவேண்டும் என்றார். முதலாளி அவரைச் சாயங்காலம் நான்கு மணிக்கு வரச்சொல்லி, கண்ணாடி வரப்போகிற இடத்தில் நிற்கவைத்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கால்மணி நேரம் நிறுத்தினார். அந்த மனிதருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"பாதி செவுரு, பாதி கண்ணாடி வச்சிக்கலாங்க. மேல ஒரு சாய்ப்பு போட்டுக்கலாம்" என்றார் முதலாளி.

"மெட்ராஸ்ல எல்லாம் முழுக் கண்ணாடிதாங்க போடுறாங்க."

"அங்கயும் மேற்குல வெயிலு அடிக்கும்ங்களே."

"அதெல்லாம் ஏசி போட்டுக்கலாம், நீங்க போடுங்க."

போட்டோம். பங்குனியிலேயே உள்ளே நிற்க முடியவில்லை. ஏற்கெனவே சூளையிலிருந்து வந்த சாமானை மறுபடி சூளையில் வைத்த மாதிரி இருந்தது. முதலில் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டினார். பிறகு உள்பக்கம் திரை போட்டார். சித்திரையில் வெளிப்பக்கம் தார்ப்பாய் கட்டினார். கடைசியில் தார்ப்பாயின் மேல், 'கடை திறந்திருக்கிறது' என்று ஒரு போர்டும் மாட்டினார். நாங்கள் போட்ட கண்ணாடி எது என்று எனக்கே தெரியவில்லை.

இனி வருவதுதான் நான் எழுத உட்கார்ந்த காரியம்.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து கொளஞ்சி என்பவர் கடைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது, விவசாயம். அவருக்கு ஒரு தம்பி, ராமலிங்கம். பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். நிலத்தைப் பிரித்து ஆயிற்று, மோட்டாரைப் பிரித்து ஆயிற்று, வீட்டின் அறைகளையும் பிரித்து ஆயிற்று. நடுக்கூடம் மட்டும் பாக்கி. குறுக்கே சுவர் வைக்கலாம் என்றால் அவர்களுடைய அம்மா அலமேலு விடவில்லை.

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்தக் கூடத்துல செங்கல்லு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார் கொளஞ்சி. "அம்மா பேச்ச மீற முடியுங்களா? அதான் அலுமினியம் போட்டுடலாம்னு."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செங்கல்லு வைக்கல, இல்லீங்களா?"

"ஆமாங்க. ஒரு செங்கல்லு கெடையாது" என்றார் கொளஞ்சி, பெருமையாக.

மறுநாள் நானும் முதலாளியும் போனோம். பழைய தளம் போட்ட வீடு, சிவப்பு சிமெண்டுத் தரை. ("தரை முடிஞ்சிதுங்களா?" என்று கேட்டேன். "அது முடிஞ்சி நாப்பது வருசம் ஆவுது" என்றார்கள்.) கூடத்துக்குத் தெருப்பக்கம் ஒரு வாசல், அது அண்ணன் பங்கு. பக்கவாட்டில் சந்துப்பக்கம் ஒரு வாசல், அது தம்பி பங்கு. அண்ணனும் தம்பியும் ஆறடி இடைவெளியில் நின்றுகொண்டு எங்கள் மூலமாகப் பேசினார்கள்.

"பால் கண்ணாடியா போடச் சொல்லுங்க. அந்தப் பக்கம் என்னா நடக்குதுன்னு எங்களுக்குத் தெரிய வேணாம்" என்றார் கொளஞ்சி.

"இடுப்பு வரைக்கும் பலகை, அதுக்கு மேல கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்க. இங்க என்னா நடக்குதுன்னு அவங்களுக்கும் தெரிய வேணாம்" என்றார் ராமலிங்கம்.

"நடுவுல ஒரு கதவு வைக்கணுமே, அம்மா போய் வர" என்றார் முதலாளி.

"வைங்க. தாப்பா எங்க பக்கம் இருக்கட்டும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதுவரை அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

முதலாளி டேப்பின் ஒரு முனையைக் கொளஞ்சியின் கையில் கொடுத்தார். பெட்டியை ராமலிங்கத்தின் கையில் கொடுத்தார். "கொஞ்சம் புடிங்க, லூர்துக்கு முட்டி வலி" என்றார். அப்போது எனக்கு முட்டி வலியே கிடையாது. அண்ணனும் தம்பியும் சுவருக்குச் சுவர் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே, நடுவே, கீழே. கீழே அளக்க இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிய வேண்டியிருந்தது. நான் நோட்டில் எழுதினேன். மூன்று அளவும் மூன்று விதமாக இருந்தன.

அளவு எடுத்த கோட்டின் மேலேயே ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. அலமேலு அம்மாள் அதில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா எந்தப் பக்கம்?" என்று முதலாளி கேட்டார்.

கொளஞ்சி தொண்டையைச் செருமினார். "அந்தப் பக்கம்தாங்க காத்து நல்லா வரும்."

"தெருப்பக்கம்தாங்க வெளிச்சம். அம்மாவுக்கு வெளிச்சம் வேணும்" என்றார் ராமலிங்கம்.

இரண்டு பேரும் அம்மாவை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதில் அவ்வளவு தாராளமாக இருந்தார்கள். முதலாளி போய் அந்த அம்மாளின் எதிரே தரையில் உட்கார்ந்தார். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்று கொளஞ்சி சொன்னார். முதலாளி மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து கேட்டார்.

"அம்மா, எந்தக் கண்ணாடி போடட்டும்? பால் கண்ணாடியா? கறுப்பா?"

அலமேலு அம்மாள் அவர் வாயையே பார்த்திருந்துவிட்டு, கீரைக் காம்பைக் கீழே போட்டார்.

"எனக்குக் காது போயி பத்து வருசம் ஆவுது தம்பி. இவனுங்க என்னா பேசுறானுங்கன்னு வாயப் பாத்துதான் தெரிஞ்சிக்கிறேன். மறைச்சிப் போட்டீங்கன்னா ஒருத்தன் எனக்கு செத்தாப்புலதான். எவன்னு நீயே சொல்லிடு. அவன் பக்கம் மறைச்சிப் போடு."

கொளஞ்சி டேப்பின் முனையை விட்டுவிட்டார். அது சர்ரென்று ஓடித் தம்பி கையிலிருந்த பெட்டிக்குள் போனது.

"தெரியிற கண்ணாடி" என்று என்னிடம் சொன்னார் முதலாளி. "எழுதிக்க."

தாழ்ப்பாள் தகராறுக்கு அவரே வழி சொன்னார். தாழ்ப்பாளே வேண்டாம். கதவின் அடியில் தரைக்குள் ஒரு ஸ்பிரிங் பெட்டியைப் பதித்தால், எந்தப் பக்கம் தள்ளினாலும் திறக்கும், தானே மூடிக்கொள்ளும். பெரிய கடைகளில் இருக்கிற மாதிரி. கடைகளில் இருக்கிற மாதிரி என்றதும் இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது.

இரண்டரை அங்குலச் சட்டம், தரையிலிருந்து தளம் வரை. சட்டத்தைச் சுவரில் முடுக்கி, கண்ணாடியை ஏற்றி, ரப்பர் கொடுத்து, சிலிக்கான் இழுத்து, இரண்டு நாளில் முடித்தோம். முடியாதது அவர்களுடைய சண்டை மாத்திரம்தான். தடுப்பு வந்ததும் கொளஞ்சி தன் பக்கச் சுவருக்குப் பச்சை அடித்தார். அதைப் பார்த்த ராமலிங்கம் தன் பக்கத்துக்கு ரோஸ் அடித்தார். அண்ணன் ஒரு டிவி வாங்கினார். தம்பி அதைவிடப் பெரிய டிவி வாங்கினார். கதவின் ரப்பரைப் பார்க்க ஒருமுறை போனபோது, இரண்டு டிவியிலும் ஒரே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அலமேலு அம்மாள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் டிவியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அவருக்குத் தேவையில்லை. திரை போட்டுப் பார்த்தார்களாம் இரண்டு மருமகள்களும். அம்மாள் அதைப் பகலெல்லாம் ஒதுக்கி விட்டுக்கொண்டே இருந்ததால், அலுத்துப்போய்க் கழற்றிவிட்டார்களாம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை ராமலிங்கத்திடமிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. அவருடைய மகள் சுகன்யாவைப் பெண் பார்க்க எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். நல்ல இடம், பையன் அக்ரி ஆபீசில் வேலை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கூட்டுக் குடும்பமாகப் பார்க்கிறார்கள் என்று தரகர் சொல்லியிருக்கிறார். ராமலிங்கமும் தங்கள் வீடு கூட்டுக் குடும்பம்தான் என்று சொல்லிவிட்டார்.

"வர்றவங்கள சந்து வழியா கூட்டிக்கிட்டு வர முடியுங்களா? சனிக்கிழமை வந்து பாட்டிசனக் கழட்டிடுங்க. திங்கக்கிழமை மாட்டிடலாம். எங்க அண்ணங்கிட்ட நீங்களே எதனா சொல்லி ஒத்துக்க வைங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேணாம்."

முதலாளி போனை வைத்துவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை கொளஞ்சி.

"தம்பி மவளப் பாக்க வராங்களாம். அவன் எங்கிட்ட சொல்லல, ஊரே சொல்லுது. பாட்டிசன் இருக்கிறதப் பாத்தாங்கன்னா நமக்குத்தான அசிங்கம்? எதனா சாக்கு சொல்லி சனிக்கிழமை கழட்டிடுங்க. நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லிடாதீங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "ரெண்டு ஆர்டரு, ஒரே வேலை" என்றார்.

சனிக்கிழமை காலையில் போனோம். "ஸ்பிரிங்க சர்வீஸ் பண்ணணும், ரெண்டு நாளைக்குக் கழட்டணும்" என்று முதலாளி கூடத்தின் நடுவில் நின்று பொதுவாகச் சொன்னார். அண்ணனும் தம்பியும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்கள்.

கழற்றுவது மாட்டுவதைவிடக் கஷ்டம். முதலில் ரப்பரை மூலையிலிருந்து உருவ வேண்டும். சிலிக்கானைக் கத்தியால் கீற வேண்டும். உறிஞ்சு கைப்பிடியைக் கண்ணாடியில் பதித்து, தூக்கி, சாக்குப் போட்டுச் சாய்த்து வைக்க வேண்டும். படுக்கவைத்தால் விரிசல் விடும். கண்ணாடிகளைக் கொளஞ்சியின் நெல் மூட்டை அறையில் வைத்தோம். கதவைத் தூக்கி, சட்டத்தின் திருகுகளைக் கழற்றி, சட்டத்தை எடுத்தோம்.

எடுத்த பிறகுதான் எல்லோரும் சுவரைப் பார்த்தோம். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் ரோஸ். நடுவில் சட்டம் இருந்த இடத்தில், இரண்டரை அங்குலத்துக்குப் பழைய சுண்ணாம்பு வெள்ளை, தரையிலிருந்து தளம் வரை நேர் கோடாக. அதில் வரிசையாகத் திருகு ஓட்டைகள். தரையில் ஸ்பிரிங் பெட்டியின் எவர்சில்வர் மூடி.

ஓட்டைகளை நான் பட்டி வைத்து அடைத்தேன். ஈரம் காய்ந்து பெயின்ட் அடிக்க நேரம் இல்லை. மூடியின் மேல் கொளஞ்சியின் மனைவி குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்தார். அவர் அந்தப் பக்கம் கால் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விளக்கு அண்ணன் வீட்டுடையது, எண்ணெய் தம்பி வீட்டுடையது.

கண்ணாடிக்குக் காவலாக ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். காலைப் பூசையை முடித்துக்கொண்டு போனேன். என்னை 'குடும்பத்துக்கு வேண்டியவர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். நெல் மூட்டை அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா சுவரைத்தான் முதலில் பார்த்தார்.

"என்னாங்க இது, ரெண்டு கலரு?"

கொளஞ்சி முந்திக்கொண்டார். "இப்பல்லாம் இப்புடித்தாங்க அடிக்கிறாங்க. புது மாடல். என் தம்பி பாத்து சொன்னாப்புல, அடிச்சிட்டோம்."

'என் தம்பி' என்ற சொல்லைக் கேட்டதும் ராமலிங்கம் கையிலிருந்த பஜ்ஜித் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நடுவுல வெள்ளைப் பட்டை வேற. எடுப்பா இருக்குது" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மாப்பிள்ளையின் அம்மா அந்த வெள்ளைப் பட்டையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பட்டியின் ஈரம் இன்னும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

சுகன்யா வந்து வணக்கம் சொன்னாள். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ரோஸ் பக்கத்திலிருந்த அலமேலு அம்மாள் எழுந்தார். பேத்தியைப் பக்கத்தில் போய்ப் பார்க்க நினைத்தாரோ என்னவோ, நேராக நடந்து வந்தார். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, இல்லாத கதவைத் தள்ளினார்.

கை காற்றில் போனது. உடம்பின் பாரம் அதன் பின்னாலேயே போனது. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒருவர் இடது தோளைப் பிடித்தார், ஒருவர் வலது தோளைப் பிடித்தார். மூன்று பேரும் அந்தக் கோட்டின் மேல் நின்றார்கள்.

"என்னா ஆச்சு, கண்ணு தெரியாதுங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார்.

"வயசாயிடுச்சிங்க" என்றார் ராமலிங்கம். "கண்ணு கொஞ்சம் மங்கலு" என்றார் கொளஞ்சி. அந்த அம்மாள் இரண்டு மகன்களின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வீட்டிலேயே கூர்மையான கண் அவருடையதுதான். ஆனாலும் "ஆமா, மங்கலு" என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். எல்லோரும் வாசலுக்குப் போன பிறகு, மாப்பிள்ளையின் அம்மா மட்டும் செருப்பைத் தேடுகிற மாதிரி பின்தங்கி, சுகன்யாவின் அம்மா பக்கத்தில் வந்தார். நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன்.

"அலுமினியமா, பலகையா?" என்று கேட்டார்.

சுகன்யாவின் அம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அலு... அலுமினியங்க."

"எங்க வூட்ல பிளைவுட்டு. எங்க மச்சினர் பக்கம் தாப்பா. நீங்க மாப்ள வூடு பாக்க வர்றப்ப நாங்களும் கழட்டித்தான் வச்சிருப்போம், கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கல்யாணம் நிச்சயமானது.

திங்கட்கிழமை முதலாளியும் நானும் சட்டத்தை மாட்டப் போனோம். கொளஞ்சி பச்சைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராமலிங்கம் லீவு போட்டுவிட்டு ரோஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மாட்டிடலாங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"தம்பி சொன்னா மாட்டுங்க" என்றார் அண்ணன்.

"அண்ணன் சொன்னா மாட்டுங்க" என்றார் தம்பி.

இரண்டு பேரும் சொல்லவில்லை. டிரில் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் போதும், எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தது. கடைசியில் முதலாளி மறுபடியும் அலமேலு அம்மாளின் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"மாட்டட்டுமாம்மா?"

"மாட்டிடு" என்றார் அவர். நான் அதை எதிர்பார்க்கவில்லை. "மாட்டலன்னா வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள மறுபடியும் அடிச்சிக்குவானுங்க. எனக்குத் தெரியாதா இவனுங்கள? கண்ணாடி இருந்தா மொறைச்சிக்கிட்டு மட்டும் இருப்பானுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கதவு மட்டும் வேணாம் தம்பி. அது கனமா இருக்குது. தள்ளித் தள்ளித் தோளு நோவுது."

அப்படியே மாட்டினோம். பழைய ஓட்டையிலேயே திருகு ஏறியது. கண்ணாடியை நிறுத்தியபோது இந்தப் பக்கம் கொளஞ்சி பிடித்துக்கொண்டார், அந்தப் பக்கம் ராமலிங்கம் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரின் உள்ளங்கையும் ஒரே இடத்தில், நடுவில் ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி. நான் ரப்பர் கொடுத்து முடிக்கிற வரை அசையாமல் நின்றார்கள். கதவு இருந்த இடம் வெறும் வழியாக இருந்தது. கதவைச் சாக்கில் சுற்றி லோடு ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தோம்.

பத்து நாள் கழித்து ராமலிங்கம் போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்தக் கதவு உங்ககிட்டதான இருக்குது?"

"பத்திரமா இருக்குதுங்க. அனுப்பட்டுமா?"

"இல்ல இல்ல. எங்க அண்ணன் எதனா கேட்டாரான்னு தெரிஞ்சிக்கத்தான்."

"ஒன்னும் கேக்கலங்க."

"அப்ப சரி. அங்கயே இருக்கட்டும்."

மறுநாள் கொளஞ்சி போன் செய்தார். கதவு இருக்கிறதா என்று கேட்டார். தம்பி கேட்டானா என்று கேட்டார். இல்லை என்றார் முதலாளி, முதல் நாள் வந்த போனைப் பற்றி மூச்சுவிடாமல். "அப்ப இருக்கட்டுங்க, அவசரமில்ல" என்று வைத்துவிட்டார்.

ஆறு மாதம் பார்த்தோம். சூளையில் சுடாத சாதாக் கண்ணாடிதான், பிறகு அளவைக் கொஞ்சம் குறைத்து, நல்லூரில் ஒரு மருந்துக் கடைக்கு மாட்டிவிட்டோம். இன்றுவரை அந்த வீட்டிலிருந்து யாரும் அதைக் கேட்கவில்லை.